குழந்தைக்கு முதல் பழம்: மட்டி வாழையில் தொடங்கி ஒரு வயது வரை

பிள்ளைக்கு 6 மாதம் முடியப்போகிறது என்றதுமே வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "வாழைப்பழம் குடுக்காதே, சளி கட்டும்." "ஆரஞ்சுச் சாறு ரெண்டு சங்கு ஊத்து, ரத்தம் ஊறும்." "பல்லு முளைக்குதுல்லா, ஆப்பிள் துண்டைக் கையில குடு." என் மூத்தவளுக்கு இந்த மூன்றையும் கேட்டேன். முதலாவதை நம்பி வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தேன். மூன்றாவதை நம்பி, தோல் சீவிய ஆப்பிள் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். கீழே முளைத்திருந்த இரண்டு பல்லால் அவள் ஒரு சில்லைக் கடித்துவிட்டாள். அரைக்க உள்பல் இல்லை. சில்லு தொண்டைக்குப் போய்விட்டது. அழவில்லை, இருமவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அத்தை பிள்ளையைப் பிடுங்கிக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டியதும் அது வெளியே வந்து விழுந்தது.

அன்றைக்குப் பிறகுதான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை நிதானமாகக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன். பழத்தின் குளிர்ச்சியைப் பற்றி நாம் கவலைப்படுகிற அளவுக்கு அதை எப்படி வெட்டுகிறோம், எவ்வளவு மென்மையாக்குகிறோம், பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இரண்டாவது பிள்ளைக்கு இந்த வரிசையில்தான் செய்தேன். முதல் பிள்ளையை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது

180 நாள் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் சொல்வது இதைத்தான். 4 மாதத்தில் பழச்சாறு, 5 மாதத்தில் மசித்த பழம் என்று அவசரப்பட வேண்டாம். 6 மாதம் முடிந்த பிறகும் நாள்காட்டியை மட்டும் பார்க்காமல் பிள்ளையையும் பாருங்கள். கழுத்து உறுதியாக நிற்க வேண்டும். மடியிலோ நாற்காலியிலோ சாய்மானம் கொடுத்தால் நேராக உட்கார வேண்டும். கரண்டியை வாயில் வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளுகிற பழக்கம் குறைந்திருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்த்து வாயைத் திறந்தால், அது தயாராகிவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மாதக் கணக்கே வேறு. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழம் சாப்பாட்டுக்குத் துணை

இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறக்கும்போது பிள்ளையின் உடம்பில் இருந்த இரும்புச்சத்துச் சேமிப்பு 6 மாதத்துக்குள் குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டுவது பருப்பு, கேழ்வரகு, கீரை, முட்டை, மீன், ஈரல் போன்றவை. பழம் அந்த வேலையைச் செய்யாது. பிள்ளையின் வயிறும் சின்னது. எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கு வைத்தால், 8 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லி, அதாவது ஒரு டம்ளர்தான் கொள்ளும். அந்த இடத்தை இனிப்பான பழக்கூழால் நிரப்பிவிட்டால் பருப்புச் சோற்றுக்கு இடமில்லாமல் போகும்.

ஆனால் பழத்தால் வேறு ஒரு பெரிய உதவி உண்டு. கேழ்வரகிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூடவே போனால் நன்றாக எடுத்துக்கொள்ளும். கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி, மாம்பழம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் அதிகம். அதனால் கேழ்வரகுக் கூழ் கொடுத்த கையோடு இரண்டு கரண்டி பழக்கூழ் கொடுப்பது, பழத்தைத் தனியாக ஒரு வேளையாகக் கொடுப்பதைவிடப் பயன் தரும்.

முதல் பழம்

நாகர்கோவில் பக்கம் பிள்ளைக்கு முதல் பழம் என்றால் மட்டிதான். விரல் பருமனில், மெல்லிய தோலுடன், வாசமும் இனிப்புமாக இருக்கும் இந்தக் கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பாட்டிமார் பிள்ளைகளுக்கு இதைத்தான் மசித்துக் கொடுத்து வருகிறார்கள். மட்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் மலைவாழை, கற்பூரவள்ளி, செவ்வாழை என்று நன்றாகக் கனிந்த எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை எளிது, ஆனால் கவனம் வேண்டும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, அழுத்தினால் குழைகிற பழமாக எடுங்கள். உரிப்பதற்கு முன்னால் தோலையும் உங்கள் கையையும் கழுவுங்கள். இரு முனையையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒட்டியிருக்கும் நாரை எல்லாம் இழுத்து எடுங்கள். கொதிநீரில் கழுவிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். மிக்சி வேண்டாம். மிக்சியில் அடித்தால் அது பசைபோல ஆகிவிடும், ஒரே பதத்துக்குப் பிள்ளை பழகிவிடும். கெட்டியாகத் தோன்றினால் ஒரு கரண்டி தாய்ப்பாலோ ஆறின வெந்நீரோ சேர்க்கலாம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல், மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். அதுதான் பதம். சர்க்கரை, உப்பு எதுவும் சேர்க்க வேண்டாம்.

முதல் நாள் ஒரு தேக்கரண்டி போதும். காலையில் கொடுங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பகலில் கவனிக்க முடியும், மருத்துவரையும் பார்க்க முடியும். பிள்ளை முகத்தைச் சுளிக்கும், துப்பும், உடம்பை உதறும். பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, புதிது என்றுதான் அர்த்தம். வற்புறுத்தாமல் மறுநாள் மறுபடி கொடுங்கள். என் இளையவன் பப்பாளியை எட்டாவது தடவைதான் விழுங்கினான்.

மறுநாள் இரண்டு கரண்டி, அதற்கு மறுநாள் மூன்று. இப்படி ஒரே பழத்தை மூன்று நாள் கொடுத்துவிட்டு அப்புறம் அடுத்த பழத்துக்குப் போங்கள். அந்த மூன்று நாளில் வேறு புதுச் சாப்பாடு வேண்டாம். தடுப்பூசி போட்ட அன்றும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதும் புதுப் பழம் தொடங்க வேண்டாம். அப்போது உடம்பு சரியில்லாமல் போனால் எதனால் என்று நமக்குத் தெரியாது.

அவித்துக் கொடுப்பவை

ஏத்தன் பழம், அதாவது நேந்திரம், பச்சையாகக் கொடுத்தால் பிள்ளைக்குக் கனம். தோலோடு மூன்று துண்டாக நறுக்கி இட்லிப் பாத்திரத்தில் வைத்து, தோல் வெடித்துப் பிரியும்வரை அவியுங்கள். தோலை உரித்து நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கறுப்பாக விதைக் கோடு தெரியும். அதைக் கரண்டி நுனியால் வழித்து எடுத்துவிட்டு மசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான் இது. சூடு ஆறினால் ஏத்தன் கெட்டிப்படும், அதனால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொடுங்கள்.

ஆப்பிளும் பேரிக்காயும் அப்படித்தான். தோல் சீவி, விதையும் நடுத்தண்டும் எடுத்து, துண்டாக்கி ஆவியில் வேகவைத்து மசியுங்கள். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். கடிப்பதற்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டை ஒரு வயதுக்குள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகும் கொஞ்ச காலம் துருவியோ மெல்லிய சீவலாகவோதான் கொடுக்க வேண்டும். கொய்யாவையும் ஆவியில் வேகவைத்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்கினால் 7, 8 மாதத்திலேயே கொடுக்கலாம்.

மற்ற பழங்கள்

பப்பாளி நன்றாகப் பழுத்ததாக இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் பச்சை நிறமோ பாலோ இருந்தால் வேண்டாம். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு இது நல்ல கைமருந்து. சப்போட்டாவில் இரண்டு விஷயம் உண்டு. காய்ப்பதமாக இருந்தால் நாக்கில் பிசின்போல ஒட்டும், துவர்க்கும். அதன் விதை வழுவழுப்பானது, ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்த முனையும் இருக்கும். தொண்டைக்குள் போனால் மாட்டிக்கொள்ளும். அதனால் சப்போட்டாவை மசித்த பிறகு விதை எடுக்காதீர்கள். முதலில் பிளந்து விதைகளை எண்ணி எடுத்து, தட்டுக்கு வெளியே போட்டுவிட்டு அப்புறம் மசியுங்கள். சீத்தாப்பழத்தையும் வடிகட்டியில் தேய்த்தே எடுக்க வேண்டும். விரலால் விதை பொறுக்கினால் ஒன்றாவது தப்பிவிடும்.

மாம்பழத்தைக் காம்பைக் கிள்ளி ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம்தான். காம்பிலிருந்து வடியும் பாலும் தோலும் பட்டால் சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவந்து தடிக்கும். எனவே கழுவி, தோலைக் கனமாகச் சீவி, சதையை மட்டும் கொடுங்கள். நாருள்ள நாட்டு மாம்பழத்தை வடிகட்டித் தேய்த்துக் கொடுக்கலாம். கொட்டையைச் சப்பக் கொடுப்பது பார்க்க அழகுதான், ஆனால் நார் தொண்டையில் சிக்கும், கை வழுக்கும். கொஞ்சம் வளரட்டும்.

ஆரஞ்சு, சாத்துக்குடி சுளைகளின் மேல்தோலையும் விதையையும் நீக்கி, உள்ளே இருக்கும் சதையை உதிர்த்துக் கொடுங்கள். புளிப்பு பட்ட இடத்தில் வாயோரம் லேசாகச் சிவப்பது சாதாரணம். துடைத்துவிட்டால் சற்று நேரத்தில் மறையும். வெண்ணெய்ப்பழம் (அவகேடோ) கிடைத்தால் அதுவும் அருமையான தொடக்கம்தான். கொழுப்புச்சத்து நிறைந்தது, மசிக்கவும் எளிது. தர்பூசணியை விதை எடுத்து மசித்துக் கொடுக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் தண்ணீர்தான். மாதுளை முத்துக்களை முழுசாகக் கொடுக்காதீர்கள். சக்கைப்பழச் சுளை, அதாவது பலாச்சுளை, வழுக்கும், நாரும் உண்டு. ஒரு வயதுக்கு மேல், நன்றாகப் பொடியாக நறுக்கி, அதுவும் கொஞ்சமாகக் கொடுங்கள்.

திராட்சைதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்க அளவெடுத்துச் செய்ததுபோல உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். குறுக்கே இரண்டாக வெட்டினாலும் அது வட்டமாகத்தான் இருக்கும். நீளவாக்கில் நான்காக வெட்டி, விதையை எடுத்துவிட வேண்டும். நாவல்பழம், இலந்தைப்பழம், பேரீச்சை எதையும் கொட்டையோடு பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

சாறு வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம்

இரண்டு வயதுக்குள் பழச்சாறு கொடுக்க வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல். வீட்டில் பிழிந்த சாறும் இதில் அடங்கும். நார் போய்விடுகிறது, சர்க்கரையும் தண்ணீரும்தான் மிஞ்சுகிறது, பால் குடிக்கும் பசியும் குறைகிறது. அதைவிட எனக்குப் பயம் தருவது சங்கில் ஊற்றும் முறை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டு, வாயைத் திறக்கவைத்து ஊற்றுவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். அழும்போது ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. பழக்கூழாக இருந்தாலும் கஞ்சியாக இருந்தாலும் பிள்ளை நேராக உட்கார்ந்து, தானாக வாயைத் திறந்து வாங்க வேண்டும்.

தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் சின்னப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச்செய்து, மூச்சையே பாதிக்கும். இங்கே ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழத்தோடு தேனும் சேர்கிறது. மொட்டை போடப் போன இடத்தில் பிரசாதம் என்று பிள்ளை நாக்கில் தடவ யாராவது வந்தால், நெற்றியில் விபூதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தத்தைப் பெரியவர்கள் சாப்பிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

குமட்டலும் அடைப்பும்

கெட்டியான சாப்பாட்டுக்குப் பழகும்போது பிள்ளைக்கு அடிக்கடி குமட்டும். கண் கலங்கும், முகம் சிவக்கும், சத்தம் வரும், நாக்கு வெளியே வரும், பிறகு துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்வது. பதறிப்போய் விரலை விட்டுத் தோண்டினால் துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். சத்தமே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். அழ முடியவில்லை, இரும முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை உங்கள் முன்கையிலோ தொடையிலோ குப்புறப் படுக்கவைத்து, தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்துங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, கூட இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பிள்ளை மயங்கிவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் உயிர்காப்பு முதலுதவி (சிபிஆர்) தொடங்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் கேட்டு இதைக் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டி தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் வீட்டில் அத்தை அன்று பதறாமல் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வாங்குவதும் கழுவுவதும்

கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் என்று சந்தையில் சொல்வது கார்பைடு கல்லைத்தான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் இதற்குத் தடை இருக்கிறது. காரணம், அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்றவை கலந்திருக்கலாம். எத்திலீன் வாயுவில் பழுக்கவைக்க மட்டுமே அனுமதி. நான் வடசேரி சந்தையில் மட்டி வாங்கும்போது முக்கால் பழுப்பாக ஒரு சீப்பு வாங்கி வீட்டில் தொங்கவிடுவேன். இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகக் கனியும், அன்றன்று கனிந்ததைக் கொடுக்கலாம். மாங்காயாகவே வாங்கி அரிசிப் பானையில் புதைத்து வைப்பதும் நல்ல வழி.

எந்தப் பழமாக இருந்தாலும், தோலைச் சீவி எறியப்போகிறோம் என்றாலும், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கத்தி தோலில் பட்டுத்தான் உள்ளே போகிறது. மீன் வெட்டிய கத்தியும் பலகையும் பிள்ளையின் பழத்துக்கு வேண்டாம். நறுக்கி வைத்து விற்கும் பழமும் வேண்டாம். பிள்ளை எச்சில் பட்ட கிண்ணத்தில் மீந்ததைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடலாம், அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

மறுநாள் துணியில் பார்ப்பது

வாழைப்பழம் தொடங்கிய இரண்டாம் நாள் மலத்தில் கறுப்பாக மெல்லிய நூல்போல நெளிந்து கிடப்பதைப் பார்த்துப் புழு என்று பயந்து ஓடியவர்கள் உண்டு. அது வாழைப்பழத்தின் நடுப்பகுதி செரிக்காமல் வருவது. அசைகிறதா என்று பாருங்கள், அசையாது. பப்பாளிக்கு மஞ்சளாகவும் இளகலாகவும் போகும். சரியாகக் கனியாத வாழைப்பழத்துக்கு மலம் இறுகும். இவை எல்லாம் சாதாரணம்.

உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புவது, உதடோ கண்ணோ வீங்குவது, அடுத்தடுத்து வாந்தி, மூச்சில் விசில் சத்தம் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பழத்தை மறுபடி கொடுக்காதீர்கள்.

சளி கட்டும் என்ற பேச்சு

வாழைப்பழம் சளியை உண்டாக்காது. சளி கிருமியால் வருகிறது. வீட்டில் யாருக்காவது தும்மல் இருந்தால் பிள்ளைக்கும் வரும், அன்று பழம் கொடுத்திருந்தால் பழி பழத்தின் மேல் விழும். இதைப் பெரியவர்களிடம் வாதாடி நிலைநாட்ட நான் முயலவில்லை. "அத்தை, குளிர்பெட்டியில வைக்காத பழம்தான், காலையில வெயில் ஏறின பிறகு குடுக்கிறேன், நீங்களே மசிச்சுத் தாங்க" என்று கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். அப்புறம் அவரே தினமும் மட்டியை உரித்து எடுத்து வைத்தார்.

மாதம் ஏற ஏற

8 மாதம் ஆனதும் வழுவழுவென்று மசிப்பதை நிறுத்தி, சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். 9, 10 மாதத்தில் பிள்ளை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்கும். அப்போது கனிந்த பப்பாளி, அவித்த ஏத்தன், வெந்த ஆப்பிள் ஆகியவற்றைச் சின்னத் துண்டாக்கித் தட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்குகிற எதையும் ஈறால் மெல்லும். நசுங்காததைக் கொடுக்காதீர்கள். சிந்தும், தலையில் பூசும், பாதி தரையில் கிடக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், தவழ்ந்துகொண்டோ படுத்துக்கொண்டோ வாயில் எதுவும் வைக்க விடாதீர்கள்.

இளையவனுக்கு ஒரு வயது முடிந்த அன்று அத்தை ஒரு மட்டியைப் பாதி உரித்து அவன் கையில் கொடுத்தார். தோலோடு பிடித்துக்கொண்டு தானே தின்றான். மூத்தவளுக்கு இப்போது 4 வயது, பள்ளிக்குப் போகிறாள். அவள் டப்பாவில் திராட்சை வைக்கும் நாளில் இன்றும் நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் வைக்கிறேன். 5 வயது முடியும்வரை அப்படித்தான்.